‘இறுக்கு’ என்றால் முக்குகிறோம்

நெமிலிச்சேரியில் எங்கள் பெண்கள் கூட்டத்தில் ‘அடித்தசையை இறுக்குங்கள்’ என்றோம். பாதிப் பேர் மூச்சை அடக்கி முக்கினார்கள். பிரசவ அறையில் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கட்டளை அதுதானே! இருமினால் சிறுநீர் கசிகிற, அடி இறங்குகிற பெண்ணுக்கு முக்குவது நேர் எதிரான வேலை.

இந்தப் பயிற்சியை 1948இல் மருத்துவ உலகில் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் அர்னால்டு கெகல். அவர் வாயால் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. தசை சுருங்குகிறதா என்று விரலால் சோதித்தார். அழுத்தம் காட்டும் கருவி ஒன்றைக் கொடுத்து அந்தப் பெண்ணையே பார்க்கவைத்தார். காலப்போக்கில் விரலும் கருவியும் போய்த் துண்டறிக்கை மிஞ்சியது. 1991இல் அமெரிக்காவில் பம்ப் என்ற மருத்துவரின் குழு 47 பெண்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்துச் சோதித்தது. சரியாகச் செய்தவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. கால்வாசிப் பேர் செய்தது கசிவைக் கூட்டக்கூடிய விதம். ஆக, ‘படிக்காத பொம்பளைங்களுக்குப் புரியாது’ என்ற பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

கை வைப்பதற்குத் தயங்குகிற மருத்துவமா இது? 1845 முதல் 1849 வரை அலபாமாவில் மேரியன் சிம்ஸ், பிரசவத்தில் ஏற்பட்ட சிறுநீர்ப் புரையைத் தைக்கக் கற்றுக்கொண்டது அனார்கா, பெட்சி, லூசி போன்ற கறுப்பின அடிமைப் பெண்களின் உடலில், மயக்க மருந்து இல்லாமல். அனார்காவுக்கு மட்டும் சுமார் 30 முறை. கற்றுக்கொள்ளக் கேட்காமலே கை நீண்டது. கற்றுக்கொடுக்கத் தாள் நீள்கிறது.

நம் பக்கத்தில் வேறு வழியும் இருந்தது. 1981இல் செங்கல்பட்டில் தொடங்கிய ரூவ்செக் அமைப்பை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் அந்தக் கிராமங்களின் தலித் பெண்கள். கர்ப்பப்பை இறக்கத்தோடு வாழ்ந்த பெண்களிடம் அவர்களே பேசி, 1999இல் ஆய்வாக வெளியிட்டார்கள். பெற்ற உடம்போடு பாரம் தூக்கியது, வெட்கத்தில் ஆண்டுக்கணக்கில் மறைத்தது எல்லாம் அதில் பதிவானது.

இப்போது நாங்கள் சொல்லும் விதத்தை மாற்றிவிட்டோம். கூட்டத்தில் காற்றுப் பிரியாமல் அடக்குவீர்களே, அதுபோல உள்ளே, மேலே இழுங்கள். தொடையும் பிட்டமும் சும்மா இருக்கட்டும், மூச்சு ஓடட்டும். இழுத்த நேரத்துக்குக் குறையாமல் தளர்த்துங்கள். சந்தேகமென்றால் கழுவிய விரலைத் தானே வைத்துப் பார்க்கலாம். விரலைக் கவ்வி உள்ளே இழுக்க வேண்டும், வெளியே தள்ளக் கூடாது. பலன் தெரிய 3 மாதமாவது ஆகும். கர்ப்பப்பை வெளியே வந்துவிட்டால் பயிற்சி மட்டும் போதாது. மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். அங்கே ‘நான் சரியாகச் செய்கிறேனா, சோதித்துச் சொல்லுங்கள்’ என்று கேட்கவும் வேண்டும்.

“மூணு புள்ள பெத்தேன், இத ஒருத்தரும் சொல்லலியே” என்றார் ஒரு அக்கா. சொல்லிவிட்டு, மகளுக்கும் கூப்பிட்டுச் சொன்னார்.