தஞ்சாவூர் மாத்திரை முதல் விஷமுறிவு ஊசி வரை



குறுவை அறுவடையாகட்டும், சம்பா நடவாகட்டும், வயலில் கால் வைக்கிற நம்ம ஜனங்களுக்குப் பாம்பு புது விஷயம் இல்லை. வரப்பில் பார்க்கிறோம், வைக்கோல் போரில் பார்க்கிறோம், ஐப்பசி கார்த்திகை மழையில் திண்ணையிலேயே பார்க்கிறோம். பாம்புக்கடிக்கு முன்னே என்ன வைத்தியம் இருந்தது, இன்றைக்கு ஆஸ்பத்திரியில் போடுகிற ஊசி எப்படி வந்தது என்கிற வரலாற்றை இன்று பார்ப்போம். இது ஏதோ பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். உயிர் சம்பந்தப்பட்ட சேதி.

முதலில், பாம்பு ஏன் நம்மைத் தேடி வருகிறது? உண்மையில் அது நம்மைத் தேடி வருவதில்லை. எலியைத் தேடி வருகிறது. நெல் இருக்கிற இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும். மூங்கிலை வளைத்துச் செய்கிற நம்ம தஞ்சாவூர்க் கிட்டி நாடெங்கும் பேர் பெற்றது. ஆனால் கிட்டி பிடிப்பது போக, சாரையும் நல்ல பாம்பும் கேட்காமலே எலியைப் பிடிக்கின்றன. அறுப்பு முடிந்ததும் எலி வளையை வெட்டி, எலியையும் அது சேர்த்து வைத்த கதிரையும் எடுப்பது நம் பக்கத்துக் கூலிக் குடும்பங்களில் பழைய வழக்கம். அந்த வளைக்குள் எலிக்குப் பதிலாகப் பாம்பு படுத்திருந்தால், கை விட்டவர் கதி என்ன?

அமெரிக்காவில் ஒரு வகை விரியன் உண்டு. அதன் வால் நுனியில் கிலுகிலுப்பை மாதிரி ஓசை வரும். காட்டுக்கு வேட்டைக்குப் போகிறவர்கள் சத்தம் கேட்டதும் ஒதுங்கிவிடுவார்கள். நம்ம பாம்புக்குக் கிலுகிலுப்பை இல்லை. ஆனாலும் எச்சரிக்கை உண்டு. கண்ணாடி விரியன் குக்கரில் ஆவி போகிற மாதிரி பலமாகச் சீறும். சுருட்டை விரியன் செதிலோடு செதிலை உரசி அரம் போடுகிற மாதிரி ஓசை செய்யும். நல்ல பாம்பு படம் எடுக்கும். கட்டுவிரியன் மட்டும் சத்தமே இல்லாத ஆசாமி. ராத்திரியில் தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும்; பல சமயம் வலியே தெரியாது. நம் நாட்டில் அதிகம் பேரைக் கொல்லுகிறவை இந்த நான்கும்தான்.

இப்போது இருநூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போவோம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம்ம ஊர் பேரிலேயே ஒரு மருந்து இருந்தது. 'தஞ்சாவூர் மாத்திரை' என்று வெள்ளைக்கார வைத்தியர்கள் வரை பேசப்பட்ட பாம்புக்கடி மாத்திரை அது. அதில் வெள்ளைப் பாஷாணம் சேர்ந்திருந்தது. கம்பெனி சர்க்காரில் இருந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்ற டாக்டர் சோழமண்டலக் கரைப் பாம்புகளைச் சேகரித்து ஆராய்ந்தார். நாய்க்கும் கோழிக்கும் பாம்புக்கடி கொடுத்து, மருந்துகளைச் சோதித்துப் பார்த்தார். தஞ்சாவூர் மாத்திரையும் அந்தச் சோதனைக்கு வந்தது. கைகண்ட மருந்து என்று அது நிலைக்கவில்லை. 1796-ல் அவர் புத்தகம் லண்டனில் வெளிவந்தது. கண்ணாடி விரியனுக்கு இங்கிலீஷில் இன்றைக்கும் அவர் பேர்தான்.

"அந்த மாத்திரையில் பிழைச்சவங்க இருந்தாங்களே?" என்று கேட்பீர்கள். இருந்திருப்பார்கள். கடிக்கிற பாம்பில் பெரும்பாலானவை சாரை, தண்ணீர்ப் பாம்பு மாதிரி விஷமில்லாதவை. விஷப்பாம்பே கடிச்சாலும் ஒவ்வொரு தடவையும் விஷம் இறங்குவதில்லை. அப்படித் தானே பிழைத்தவருக்கு மாத்திரை கொடுத்தால் மாத்திரைக்குப் பேர். மந்திரித்தால் மந்திரத்துக்குப் பேர். செத்தவர் வந்து சாட்சி சொல்வதில்லை பாருங்கள்! 1872-ல் ஜோசப் ஃபேரர் என்ற டாக்டர் லண்டனில் வெளியிட்ட பெரிய புத்தகமும் இதையே காட்டியது. அன்றிருந்த எந்த மருந்தும் விஷத்தை முறிக்கவில்லை.

மருந்து இல்லையென்றால் பாம்பையே ஒழித்துவிடலாம் என்று சர்க்கார் நினைத்தது. பல மாகாணங்களில் செத்த பாம்புக்குக் காசு கொடுத்தார்கள். வருஷத்துக்கு லட்சக்கணக்கில் பாம்புகள் அடிபட்டன. ஆனாலும் சர்க்கார் கணக்கில் சாவு வருஷத்துக்குச் சுமார் 20,000 என்றே நின்றது. பாம்பை அடித்து ஜனங்களைக் காப்பாற்ற முடியவில்லை.

கடைசியில் மருந்துக்கு வழி பிறந்தது இன்னொரு நெல் நாட்டில். வியட்நாமில் மீகாங் ஆற்று டெல்டாவும் நம்ம காவிரி டெல்டா மாதிரி தண்ணீரும் நெல்லும் உள்ள பூமி. 1891-ல் அங்கே பாக் லியூ பக்கத்தில் வெள்ளம் வந்தது. மேட்டைத் தேடி நல்ல பாம்பு இனங்கள் ஊருக்குள் புகுந்தன. 40 பேரைக் கடித்து, 4 பேர் மாண்டார்கள். சைகோன் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் இருந்த ஆல்பர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு டாக்டர் இதைக் கையில் எடுத்தார். விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிராணிகளுக்கு ஏற்றினார். அவற்றின் ரத்தத்தில் விஷத்தை முறிக்கும் சக்தி உண்டாவதைக் கண்டார். அந்த ரத்தத்தின் தெளிநீரே மருந்து. 1895-க்குள் விஷமுறிவு மருந்து உலகத்துக்குக் கிடைத்துவிட்டது.

ஆனால் ஒரு சிக்கல். நல்ல பாம்புக்குச் செய்த மருந்து கண்ணாடி விரியன் விஷத்தைக் கேட்கவில்லை. பம்பாயில் ஆராய்ச்சி செய்த டாக்டர் ஜார்ஜ் லாம் இதைக் கண்டு சொன்னார். ஆகையால்தான் இன்றைக்கு நம் நாட்டு ஊசி மருந்தை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குதிரைக்கு ஏற்றித் தயாரிக்கிறார்கள்.

அந்த விஷம் எங்கிருந்து வருகிறது? இதில் நம் தமிழ்நாட்டுக்குப் பெருமை உண்டு. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடிப்பதில் கெட்டிக்காரர்கள். ஒரு காலத்தில் பாம்புத்தோல் வியாபாரத்துக்குப் பிடித்துக் கொடுத்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் தோல் ஏற்றுமதி நின்றது. பிழைப்பு போச்சு. ராமுலஸ் விட்டேக்கர் என்பவர் துணை நிற்க, 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. இப்போது பாம்பைக் கொல்லுவதில்லை. பிடித்து, சில வாரம் பானையில் வைத்து, விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மருந்து வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் சாவு குறைந்ததா? 2020-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றைக் கேளுங்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர்கள் சுமார் 12 லட்சம் பேர். வருஷத்துக்கு 58,000. பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். காரணம் மருந்து இல்லாதது மட்டும் இல்லை. கடிபட்டவர் மருந்திடம் போய்ச் சேரத் தாமதமாவதும் பெரிய காரணம். 2024 நவம்பரில் தமிழக அரசு, பாம்புக்கடி வந்தால் ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது இந்தச் சாவைக் குறைக்கத்தான்.

ஆகவே, கடிச்சா என்ன செய்யணும்? கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள். கை காலை அசையாமல் சிம்பு வைத்துக் கட்டுங்கள். மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றுங்கள். இறுக்கிக் கயிறு கட்டுவதும், பிளேடால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டிய அவசியம் இல்லை. அதைத் துரத்தப் போய் இன்னொருவர் கடிபடுவதுதான் மிச்சம். ரத்தம் கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷத்தில் உறைகிறதா, கண் இமை தொங்குகிறதா என்று பார்த்தே டாக்டர் முடிவு செய்துவிடுவார். ராத்திரி தூங்கி எழுந்து காரணமில்லாமல் வயிற்று வலி, இமை சொருகல், விழுங்கக் கஷ்டம் என்றால் கட்டுவிரியனைச் சந்தேகப்படுங்கள்.

கடிபடாமல் இருக்க: ராத்திரி மடை பார்க்கப் போனால் டார்ச் விளக்கு. தரையில் படுக்காமல் கட்டில், மேலே கொசுவலை. வைக்கோல் போரும் விறகும் வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டாம். கதிர்க்கட்டைத் தூக்குமுன் கழியால் தட்டுங்கள். எலி வளையில் வெறுங்கையை விடவே கூடாது.

1960-களில் ஆடுதுறை 27 நெல்லை வானொலியில் கேட்டு விதைத்து, அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்தது நம்ம தஞ்சாவூர் ஜில்லா. நல்லது என்று தெரிந்தால் பழசை விட்டுப் புதுசை எடுக்கத் தயங்காத ஜனங்கள் நாம். விஷக்கடி விஷயத்திலும் அப்படியே இருப்போம். தஞ்சாவூர் மாத்திரை வரலாற்றோடு போகட்டும். கடிபட்டவர் வண்டி ஆஸ்பத்திரிப் பக்கமே திரும்பட்டும்.