பிளாஸ்மா ஆய்வில் ஒரு தாத்தாரிய விஞ்ஞானி

முஸ்லிம் சமூகங்கள் தந்த விஞ்ஞானிகள் என்றதும் இப்னு ஹைதம், இப்னு சீனா என்று பழைய பெயர்களையே பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். நம் காலத்தவர் ஒருவரை இங்கே அறிமுகப்படுத்துகிறோம்.

ரோல்ட் சக்தேயெவ் 1932-ல் மாஸ்கோவில் தாத்தார் குடும்பத்தில் பிறந்து, கஸான் நகரில் வளர்ந்தார்.

சூரியனைப் போல அணுக்கருக்களை இணைத்து மின்சாரம் எடுக்க, சுமார் 10 கோடி டிகிரி வெப்பமுள்ள பிளாஸ்மாவை அடைத்து வைக்க வேண்டும். எந்தப் பாத்திரமும் அதைத் தாங்காது. அதற்காக சோவியத் விஞ்ஞானிகள் உருவாக்கிய வளைய வடிவக் காந்தக் கூண்டுதான் டோக்காமாக்.

அந்தக் கூண்டிலும் வெப்பம் கசியும். எவ்வளவு? 1967-ல் சக்தேயெவும் கலேயெவும் கணக்கிட்டார்கள். வளையத்தின் உட்புறத்தில் காந்தப்புலம் வலுவானது, வெளிப்புறத்தில் பலவீனமானது. அதனால் சில துகள்கள் வெளிப்புறத்தில் சிக்கி, வாழைப்பழ வடிவப் பாதையில் ஊசலாடுகின்றன. ஆகவே கசிவு பழைய கணக்கைவிடப் பல மடங்கு அதிகம். பிளாஸ்மாவின் கொந்தளிப்பு அதை இன்னும் கூட்டுகிறது என்றாலும், குறைந்தபட்சக் கசிவை அறிய இன்றும் இந்தக் கோட்பாடே அடிப்படை.

1973 முதல் 1988 வரை சோவியத் விண்வெளி ஆய்வு நிறுவனத்தை நடத்திய இவர், பிறகு அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

விடை கசப்பாக இருந்தாலும் கணக்கை உள்ளபடி சொல்வதே அறிவியல். இயற்பியல் படிக்க விரும்பும் நம் பிள்ளைகளுக்கு இவரைப் பற்றியும் சொல்வோம்.