காவலும் பொறுப்பும்: திண்டுக்கல் வட்டாரத்துக் காவல் எதிர்ப்பு இயக்கம் (1896)

ஆய்வுச் சுருக்கம்

தமிழகச் சிற்றூர்களில் பாதுகாப்பு நெடுங்காலம் ஊராரின் ஏற்பாடாகவே இருந்தது. காவற்கூலி பெற்றவர், களவுபோன பொருளை மீட்டுத் தரவோ அதற்கு ஈடு செய்யவோ கடமைப்பட்டிருந்தார். 1859ஆம் ஆண்டின் சென்னைக் காவல் சட்டம் உருவாக்கிய புதிய காவல்துறைக்கு அத்தகைய ஈட்டுப் பொறுப்பு இல்லை. இந்த இடைவெளியில் 1896இல் திண்டுக்கல் வட்டாரத்தில் எழுந்த காவல் எதிர்ப்பு இயக்கம், அப்பொறுப்பை ஊர்ப் பொது நிதிக்கு மாற்றியது. அதே இயக்கம் ஒரு சமூகம் முழுவதையும் ஊருக்குப் புறம்பானதாகக் கருதும் போக்கையும் வலுப்படுத்தியது. ஒரே ஏற்பாட்டிலிருந்து இவ்விரண்டும் கிளைத்தன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பாடிகாவல், காவற்கூலி, துப்புக்கூலி, தலையாரி, பிறமலைக் கள்ளர், குற்றப் பரம்பரைச் சட்டம்

முன்னுரை

ஊர்ப் பாதுகாப்பில் மக்களின் பங்கேற்பு இன்று பொதுவாக நன்மை பயக்கும் ஒன்றாகவே பேசப்படுகிறது. ஊரார் ஒன்றுகூடித் தம் தெருவையும் உடைமையையும் காத்துக்கொள்வதைக் குடிமைப் பண்பின் அடையாளமாகக் கொள்வதும் வழக்கம். ஆயினும், காவல் என்பது யாரைக் காப்பது என்பதோடு யாரிடமிருந்து காப்பது என்பதையும் வரையறுக்கும் செயல். இவ்வரையறையை யார் செய்கின்றனர், காவல் தவறினால் இழப்பை யார் ஏற்கின்றனர் என்னும் இரு வினாக்களைக் கொண்டு 1896ஆம் ஆண்டு இயக்கத்தை அணுகலாம். இந்நிகழ்வு ஆய்வுலகில் பெரிதும் சாதிப் பூசலாகவோ காலனிய ஆட்சியின் விளைவாகவோ விளக்கப்பட்டுள்ளது. அவ்விளக்கங்களை மறுக்காமல், இழப்பீட்டுப் பொறுப்பு கைமாறிய வரலாறாகவும் அதை வாசிக்க இடமுண்டு.

பாடிகாவல் முதல் திசைகாவல் வரை

இரவில் ஊர் சுற்றிவரும் காவலர் பற்றிய குறிப்பு மதுரைக்காஞ்சியிலேயே உண்டு. ஆனால் அங்குக் காணப்படுவது தலைநகரின் காவல். சிற்றூர்க் காவலைப் பற்றிய செய்திகளை இடைக்காலக் கல்வெட்டுகளே தருகின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்பது ஊர்க் காவலையும் அதன்பொருட்டுச் செலுத்தப்பட்ட வரியையும் ஒருங்கே குறித்தது. மைய அரசு வலுவிழந்த பிற்காலத்தில் இவ்வுரிமை உள்ளூர்த் தலைவர்களிடம் சென்றது. புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகள், ஊரார் தம் பாடிகாவல் உரிமையை அரையர்களுக்கு விற்றதையும் வழங்கியதையும் பதிவு செய்கின்றன. காவல் என்பது பொருள் மதிப்புடைய, கைமாற்றத்தக்க உரிமையாக விளங்கியதை இவை காட்டுகின்றன. அவ்வுரிமையைக் கொடுப்பவராக ஊராரே இருந்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

நாயக்கர் காலத்தில் பாளைய முறை வேரூன்றியபின் காவல் இரு அடுக்குகளாக அமைந்தது. ஒவ்வோர் ஊருக்கும் உரியது தலக்காவல். பல ஊர்களை உள்ளடக்கிய வட்டாரத்துக்குப் பாளையக்காரர் ஏற்றது திசைகாவல். பாளையக்காரர்களின் வருவாயிலும் அதிகாரத்திலும் திசைகாவலுக்குப் பெரும்பங்கு இருந்தது. 1799, 1801ஆம் ஆண்டுப் போர்களில் பாளையக்காரர்களை ஒடுக்கிய கம்பெனி அரசு, திசைகாவல் வருவாயைத் தன்வசமாக்கியது. ஆனால் ஊர் அளவிலான காவல் மறையவில்லை. திருநெல்வேலிப் பகுதியில் மறவர்களும், மதுரைக்கு மேற்கிலும் வடக்கிலும் கள்ளர்களும் பல ஊர்களில் காவல்காரர்களாகத் தொடர்ந்தனர்.

காவற்கூலியும் ஈட்டுப் பொறுப்பும்

ஊர்க் காவலின் பொருளியல் எளிமையானது. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் தானியமாகவோ பின்னர்ப் பணமாகவோ காவல்காரர் கூலி பெற்றார். பயிரும் கால்நடையும் வீட்டுப் பொருளும் களவுபோனால் அவற்றை மீட்டுத் தருவதும், இயலாதபோது அவற்றின் மதிப்பை ஈடு செய்வதும் அவர் கடமை. ஆகவே காவற்கூலி ஒருவகையில் காப்பீட்டுத் தவணையை ஒத்திருந்தது. காவல் தவறினால் காவலருக்கே நட்டம் என்பதே அம்முறையின் அடிப்படை.

இதன் மறுபக்கம் துப்புக்கூலி. களவுபோன மாட்டைப் பற்றித் துப்புத் தந்து மீட்டுக் கொடுப்பதற்கு, அம்மாட்டின் மதிப்பில் ஒரு பகுதியை உரியவர் செலுத்தினார். துப்புத் தருபவருக்கும் மாட்டைக் கவர்ந்தவருக்கும் தொடர்பிருப்பது ஊரறிந்த செய்தி. காவற்கூலி கொடுக்க மறுத்த ஊர்களில் களவு மிகுந்ததாகவும் காலனிய ஆவணங்கள் கூறுகின்றன. இவ்வாறு காவல், காப்புக்கும் மிரட்டலுக்கும் இடைப்பட்ட ஒன்றாகவே நடைமுறையில் இருந்தது.

உழவர் இதை ஏன் ஏற்றனர் என்பது விளக்கத்தை வேண்டும் வினா. திண்டுக்கல் வட்டாரத்தின் பெரும்பகுதி மானாவாரி நிலமும் கிணற்றுப் பாசன நிலமும் ஆகும். உழவுக்கும் கமலை இறைப்புக்கும் எருதுகளே ஆதாரம். பருவத்தில் ஓர் இணை எருது களவுபோனால் அவ்வாண்டு விளைச்சலே பாழாகும். காவல் நிலையம் சென்று முறையிட்டு, சாட்சிகளோடு நீதிமன்றத்துக்கு அலைந்தாலும் குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்கலாம். எருது திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. துப்புக்கூலி கொடுத்தால் சில நாள்களில் எருது வீடு திரும்பும். அம்முறை நீடித்ததற்கு அச்சத்தோடு இக்கணக்கும் ஒரு காரணம்.

புதிய காவல்துறை

கம்பெனி அரசு தொடக்கத்தில் ஊர்க் காவலைத் தன் ஆட்சிமுறைக்குள் இணைக்கவே முயன்றது. தாமஸ் மன்றோவின் பரிந்துரைகளை ஒட்டிய 1816ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள், ஊர்த் தலைவருக்குக் காவல் அதிகாரம் அளித்துத் தலையாரியை அவருக்குத் துணையாக்கின. ஆனால் வருவாய்த்துறையிலும் காவல்துறையிலும் நடைபெற்ற சித்திரவதை குறித்து ஆராய்ந்த குழுவின் 1855ஆம் ஆண்டு அறிக்கை, வரி வசூலும் காவலும் ஒரே கையில் இருப்பதன் கேட்டை வெளிப்படுத்தியது. இதனைத் தொடர்ந்து 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் தனியொரு காவல்துறை உருவாயிற்று. 1864ஆம் ஆண்டின் கிராம வரிச் சட்டம், ஊர்ப் பணியாளரின் ஊதியத்தை அரசு விதிக்கும் வரியோடு பிணைத்தது. தலையாரி இதனால் ஊராரிடமிருந்து மெல்ல விலகி அரசின் கடைநிலை ஊழியராக மாறினார்.

இம்மாற்றங்களில் ஈட்டுப் பொறுப்புக்கு இடமில்லை. புதிய காவலர் மாத ஊதியம் பெற்றார். களவைக் கண்டுபிடிக்கத் தவறினால் அவர் மேலதிகாரிக்கு விளக்கமளித்தாரே அன்றி, பொருளை இழந்தவருக்கு எதுவும் செலுத்த வேண்டியதில்லை. தண்டனை வழங்கும் அதிகாரம் அரசிடம் குவிந்தது. இழப்பை ஈடு செய்யும் பொறுப்பு கைவிடப்பட்டது. சட்டத்தின் பார்வையில் காவற்கூலி மிரட்டிப் பறித்த பணமாயினும், அதற்கு மாற்றாக உழவருக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை. எனவே காவல் நிலையங்கள் வந்த பின்னும் தனியார் காவல் பல்லாண்டுகள் தொடர்ந்தது.

1896: பொது நிதியும் கொம்பொலியும்

இச்சூழலில்தான் 1896இல் திண்டுக்கல் வட்டத்தில் கள்ளர் காவலுக்கு எதிரான இயக்கம் தோன்றியது. அமையப்பக் கோன் என்பவரை அதன் முன்னோடியாக ஆவணங்கள் குறிக்கின்றன. கால்நடையே முதன்மைச் சொத்தாகிய இடையர்களும் பல்வேறு உழவர் சாதியினரும் இதில் இணைந்தனர். ஊர் ஊராகக் கூட்டங்கள் நடைபெற்றன. கள்ளர் காவலரை நீக்கிப் பிறரைக் காவலுக்கு அமர்த்துவதென ஊரார் உறுதி பூண்டனர். இயக்கம் பழனி, பெரியகுளம் பகுதிகளுக்கும் பரவியது.

இவ்வியக்கத்தின் அமைப்புமுறையில் இரண்டு கூறுகள் முதன்மையானவை. ஒன்று, நிதி எனப்பட்ட பொதுப்பணம். காவலர் நீக்கத்தால் களவு நேர்ந்து மாடு இழந்தவருக்கு இதிலிருந்து ஈடு வழங்கப்பட்டது. மற்றொன்று, ஆபத்துக் காலத்தில் ஊரைக் கூட்டுவதற்கான கொம்பு. கொம்பொலி கேட்டவர் அனைவரும் உதவிக்கு ஓடிவர வேண்டும் என்பது ஏற்பாடு.

நிதி என்னும் ஏற்பாட்டின் நுட்பம் போதிய கவனம் பெறவில்லை. பழைய முறையில் இழப்பின் சுமை காவல்காரர் மேல் இருந்தது. இப்போது அது ஊரார் அனைவர்க்கும் பகிரப்பட்டது. அண்டை வீட்டுக்காரரின் மாடு களவுபோனால் தன் பணமும் குறையும் என்னும் நிலையில், அயலாரின் தொழுவத்தைக் காப்பதில் ஒவ்வொருவருக்கும் அக்கறை பிறந்தது. அரசு கைவிட்ட ஈட்டுப் பொறுப்பை உழவர் தாமே ஏற்றுக்கொண்டனர். மிரட்டலுக்குப் பணியும் தனி உழவரின் தனிமையை இது நீக்கியது. துப்புக்கூலி கொடுக்க மறுப்பதற்கான துணிவு, கொம்பொலியைக் காட்டிலும் இந்நிதியிலிருந்தே பிறந்திருத்தல் கூடும்.

ஆனால் நிதியில் யார் பங்குபெறுவர் என்னும் வரையறையே இயக்கத்தின் கேடாகவும் அமைந்தது. களவு என்பது ஒரு சமூகத்தாரின் தொழில் என்னும் முற்கோளின் மேல் அமைந்தமையால், காவல் தொழிலில் ஈடுபடாத, அதே ஊரில் உழுதுண்டு வாழ்ந்த கள்ளர் குடும்பங்களும் பாதுகாப்பு வட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டன. காவலரை நீக்குவதாகத் தொடங்கியது குடிகளை வெளியேற்றுவதாக மாறியது. தாக்குதல்களும் தீவைப்புகளும் நேர்ந்தன, எதிர்த்தாக்குதல்களும் நிகழ்ந்தன. பலர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. உதவிக்கு ஊரைக் கூட்ட வைத்த கொம்பு, அயல்வீட்டாரை விரட்டக் கூட்டம் சேர்க்கவும் பயன்படத்தக்கதாயிற்று.

சான்றுகளின் சார்பு

இவ்வியக்கம் பற்றிய செய்திகள் பெரும்பாலும் அரசு ஆவணங்கள் வழியாகவே கிடைக்கின்றன. டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்ட விவரச்சுவடியும் (1906), எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் தொகுதியும் (1909) பின்வந்தோர் பெரிதும் மேற்கோள் காட்டியவை. இவை இயக்கத்தின் தோற்றத்தை அமையப்பக் கோனின் குடும்ப மானம் சார்ந்த பகையோடு தொடர்புபடுத்துகின்றன. ஒரு தனிமனிதரின் பகை, நூற்றுக்கணக்கான சிற்றூர்க் குடிகள் பணம் திரட்டியதற்குப் போதிய காரணமாகாது. காவல்துறையின் போதாமையை ஒத்துக்கொள்ள வேண்டிய நெருக்கடியிலிருந்து இவ்விளக்கம் ஆட்சியாளரை விடுவித்தது என்பதையும் கருத வேண்டும்.

பின்வந்த ஆய்வுகள் இச்சார்பைத் திருத்தின. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் (1978) கள்ளரைப் பிறவிக் குற்றவாளிகளாகச் சித்திரித்த காலனியக் கருத்தாக்கத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்தினார். டேவிட் அர்னால்டு (1986) சென்னை மாகாணக் காவல்துறையைக் காலனிய அதிகாரத்தின் கருவியாக ஆராய்ந்தார். ஆனந்த் பாண்டியன் (2005) 1896ஆம் ஆண்டு இயக்கத்தையே மையமாகக் கொண்டு, ஊர்ப்புறக் குடிமகன் என்னும் நிலை அதன்வழி எவ்வாறு உருப்பெற்றது என விளக்கினார். இவற்றோடு நிதியின் செயற்பாட்டையும் இணைத்து நோக்கும்போது, உழவர் அரசின் கருத்தை எதிரொலித்தவர்களாக மட்டுமன்றி, அரசு விட்ட இடத்தை நிரப்பியவர்களாகவும் தோன்றுகின்றனர்.

சட்டமாகிய ஐயம்

ஊரார் எழுப்பிய ஐயம் பின்னர்ச் சட்டத்தின் ஆதரவைப் பெற்றது. 1871இல் வடஇந்தியப் பகுதிகளுக்கென இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்குப் பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. 1914 முதல் பிறமலைக் கள்ளரின் சில பிரிவினரும், 1918இல் அச்சமூகத்தார் அனைவரும் இதன்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். ஆண்கள் கைரேகை பதிவு செய்யவும், பலர் இரவில் காவல் நிலையத்திலோ குறித்த பொது இடத்திலோ தங்கவும் கட்டாயப்படுத்தப்பட்டனர். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டியிருந்தது. 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்த மக்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில், ஒரு பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தனர். அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்படும்வரை நீடித்தது.

1896ஆம் ஆண்டு இயக்கமே இச்சட்டத்துக்குக் காரணம் எனக் கூற இயலாது. சட்டத்தின் மூலம் வேறிடத்தது. எனினும் இரண்டுக்கும் பொதுவான தருக்கம் ஒன்றுண்டு. செய்த குற்றத்துக்கன்றிப் பிறந்த குடிக்காக ஒருவரைக் கண்காணிப்பது அது. ஊர் நிதியில் பங்குபெற்றோர் தமக்கு நேர்ந்த இழப்பையாவது பகிர்ந்துகொண்டனர். அரசோ இழப்பீட்டை ஏற்காமல் ஐயத்தை மட்டும் ஏற்றுக்கொண்டது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், ஊர்ப் பாதுகாப்பின் வரலாறு பொறுப்பு இடம்பெயர்ந்த வரலாறாகவும் விளங்குவது பெறப்படும். பாடிகாவலிலும் ஊர்க் காவலிலும் காவலரிடம் இருந்த ஈட்டுப் பொறுப்பு, 1859க்குப் பின் இடமின்றிப் போய், 1896இல் பொது நிதியாக மீண்டும் தோன்றியது. அந்நிதி உழவரைத் துப்புக்கூலியிலிருந்து விடுவிக்க முனைந்தது. அதே வேளை, ஊர் என்னும் சொல்லின் எல்லையைச் சாதியால் வரைந்தமையால் அயலாரை அகதியாக்கவும் வழிசெய்தது.

இவ்வினா பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. 1993இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட காவலர் நண்பர்கள் குழு, பொதுமக்களைக் காவற்பணியில் இணைக்கும் முயற்சியாகப் பரவலாக அறியப்பட்டது. 2020இல் சாத்தான்குளம் காவல் மரணங்களைத் தொடர்ந்து எழுந்த எதிர்ப்பால் தமிழக அரசு அதன் செயற்பாட்டுக்குத் தடை விதித்தது. அதிகாரத்தின் அருகில் நிற்கும் குடிமக்கள் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே அப்போதும் எழுந்த வினா. மக்கள் பங்கேற்பை அளவிடும்போது எத்தனை பேர் இணைந்தனர் என்பதைவிட, காவலின் தவற்றுக்கு யார் ஈடு செய்கின்றனர், காவல் வட்டத்துக்கு வெளியே யார் நிறுத்தப்படுகின்றனர் என்பவற்றையே முதன்மை அளவுகோல்களாகக் கொள்ள வேண்டும் என்பதைத் திண்டுக்கல் வட்டாரத்து நிகழ்வு உணர்த்துகிறது. வெளியேறிய குடும்பங்களின் வாய்மொழி மரபுகளும் நிதிக் கணக்குகள் குறித்த உள்ளூர்ச் சான்றுகளும் தொகுக்கப்பட்டால், அரசு ஆவணம் சொல்லாது விட்ட பகுதி மேலும் துலங்கும்.