சிறைச்சுவரும் குடும்பப் பாசமும்



சிராங்கூன் சாலையில் நடந்து செல்கிறோம். பூக்கடைகளையும் மளிகைக் கடைகளையும் பார்க்கிறோம். இந்தச் சாலையோரத்தில் ஒரு காலத்தில் அரசாங்கச் செங்கற்சூளை இருந்தது. அதில் பாடுபட்டவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1825ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பென்கூலனிலிருந்து முதல் இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தனர். சென்னை மாகாணத்தவரும் வங்காளத்தவரும் அவர்களில் இருந்தனர். 1841இல் பிராஸ் பாசாவில் அவர்களுக்கெனச் சிறை எழுந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இஸ்தானா மாளிகையும் அவர்கள் உழைப்பில் உருவானவை. ஆனால் அவர்களுடைய மனைவி மக்கள் எங்கே? வங்கக் கடலுக்கு அப்பால்! எழுத்தறியாத ஒருவன் தன் தாய்க்குச் செய்தி அனுப்ப வேண்டுமானால், கடிதம் எழுதித்தர ஒருவர் வேண்டும். அதைக் கொண்டுசெல்லக் கப்பல் வேண்டும். அங்கே படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். 1871இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகக் கடலடித் தந்திக்கம்பி சிங்கப்பூருக்கு வந்தது. அது வணிகருக்கும் அரசுக்கும் உதவியது. ஏழைக் கைதிக்கு எட்டாக்கனியே. விடுதலை பெற்றவர்களில் பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே குடும்பம் அமைத்துக்கொண்டனர்.

1873இல் அந்தக் கைதிகள் குடியிருப்பு மூடப்பட்டது. அதே ஆண்டில் காலரா பரவியது. மறு ஆண்டு செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த்தடுப்பு நிலையம் அமைந்தது. குற்றம் ஏதும் செய்யாத கப்பல் பயணிகளும் அங்கே உறவினரைப் பிரிந்து காத்திருக்க நேர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அதே தீவு அரசியல் கைதிகளின் காவலிடமாயிற்று. பிற்காலத்தில் அதிபரான தேவன் நாயர் அங்கே அடைபட்டிருந்தவர்களில் ஒருவர். நோய்க்காவலும் சிறைக்காவலும் ஒரே மண்ணில் நடந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்.

2020இல் கொவிட்-19 வந்தபோது இவ்விரண்டும் ஒன்றாயின. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சிங்கப்பூரில் நோய் முறியடிப்புத் திட்டம் நடப்பில் இருந்தது. அப்போது சிறைகளில் குடும்பத்தாரின் நேரடிச் சந்திப்பு நிறுத்தப்பட்டது. பலர் நெருங்கி வாழும் இடத்தில் நோய் ஒருமுறை புகுந்தால் தடுப்பது கடினம் அல்லவா? கதவை அடைத்தது நியாயமே. ஆனால் கதவை அடைக்கும்போது பேச்சையும் அடைத்துவிடக் கூடாது. அவ்வாண்டு மார்ச் மாதம் இத்தாலியில் சந்திப்புகளை நிறுத்தியதும் பல சிறைகளில் கலகம் மூண்டது, உயிர்கள் பலியாயின. தமிழ்நாட்டுச் சிறைகளிலோ கைபேசி வழியே முகம் பார்த்துப் பேச ஏற்பாடு செய்தனர்.

கைதிகள் குறிப்பிட்ட கால இடைவெளியில் குடும்பத்தாருடன் தொடர்புகொள்ள இடமளிக்க வேண்டும் என்பது ஐக்கிய நாட்டு நிறுவனம் 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் ஒன்று. காரணம் எளியது. தண்டனை முடிந்து வெளியே வருகிறவன் எந்த வீட்டுக்குப் போவான்? அந்த வீட்டின் கதவு திறந்திருக்க வேண்டுமானால், அவன் குரல் இடையிடையே அங்கே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். குற்றம் செய்தவனுக்குத் தண்டனை உண்டு; அவன் குரலுக்காகக் காத்திருக்கும் குழந்தை செய்த குற்றம் என்ன?