பீட்டர் பானின் இருட்டறை

குழந்தைப் பருவத்தின் ஆனந்தத்தைக் கொண்டாடும் நாடகம் என்றுதான் 'பீட்டர் பா'னைப் பற்றிச் சொல்லிவருகிறார்கள். சிறுவனாக நான் அதைப் படித்ததில்லை. 30 வயதுக்கு மேல் படித்தபோது ஆனந்தம் எதுவும் தட்டுப்படவில்லை. சாவு வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. ஏன் என்று யோசித்ததில் இரண்டு இருட்டறைகள் தெரிந்தன.

முதலாவது, ஸ்காட்லாந்தில் கிரிமியூர் என்ற சிற்றூரில். 1867 ஜனவரியில், 14 வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது, உறைபனியில் சறுக்கி விளையாடிய இடத்தில் விழுந்து டேவிட் என்ற பையன் செத்துப்போனான். அவன் தம்பி ஜேம்ஸ் பாரிக்கு அப்போது 6 வயது. தாய் படுக்கையில் விழுந்துவிட்டாள். தாயைப் பற்றி 1896ல் எழுதிய 'மார்கரெட் ஓகில்வி'யில் பாரி இதைச் சொல்கிறார். இருண்ட அறைக்குள் சிறுவன் போகிறான். வந்தது நீயா என்று கேட்கிறாள் தாய். கேள்வி செத்துப்போன அண்ணனுக்கானது என்று இவனுக்குப் புரிந்துவிடுகிறது. அவனில்லை, நான்தான் என்கிறான். பிறகு அண்ணனின் உடுப்பை மாட்டிக்கொண்டு, அவனைப் போலவே சீட்டியடித்தும் காட்டியிருக்கிறான். என்ன பிரயோசனம்? இவன் வளர்ந்துகொண்டிருந்தான். செத்தவன் 13லேயே நின்றுவிட்டான்.

1904 டிசம்பர் 27 அன்று லண்டன் டியூக் ஆஃப் யார்க் தியேட்டரில் 'பீட்டர் பான்' அரங்கேறியது. பறத்தல், கடற்கொள்ளைக்காரர்கள், முதலை எல்லாம் தெரிந்தவைதாம். அதிகம் பேசப்படாதது 1908 பிப்ரவரி 22 இரவு. அன்று பாரி நாடகத்தின் இறுதியில் ஒரு காட்சியைச் சேர்த்தார். வெண்டி வளர்ந்து, ஒரு பெண்ணுக்குத் தாயாகிவிட்டிருக்கிறாள். பீட்டர் வந்து நிற்கிறான். 1937ல் பாரி இறக்கும்வரை அது மறுபடி மேடையேறவில்லை. அச்சாகியதே 1957ல்தான். ஆனால் அதன் சாரத்தை 1911ல் நாவலின் கடைசி அத்தியாயமாக்கியிருந்தார்.

இரண்டாவது அறை அந்த அத்தியாயத்தில் வருகிறது. கணப்பு நெருப்பைத் தவிர வேறு வெளிச்சமில்லை. மகள் ஜேன் தூங்குகிறாள். வெண்டி தரையில் உட்கார்ந்து கிழிசல் தைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு பால்பல்கூட விழாத பீட்டர் ஜன்னல் வழியாகக் குதிக்கிறான். வருஷங்கள் போனது தெரியாமல் அவளைக் கூப்பிடுகிறான். குற்றம் செய்தவள் போல அவள் உடம்பைக் குறுக்கிக்கொள்கிறாள். வெளிச்சம் வேண்டாமென்று பயப்படுகிறவன் பீட்டர். விளக்கைத் தூண்டுகிறவள் வெண்டி.

வளர்வதே துரோகம் என்று சொல்லும் புத்தகமாக இதைப் படிக்கிறவர்கள் இந்த விளக்கைக் கவனிப்பதில்லை. (குழந்தையாகவே இருந்துவிட்டால் எவ்வளவு சுகம் என்கிற பெரியவர்களை நான் நம்புவதுமில்லை.) கிரிமியூர் அறையில் தாய் எதிர்பார்த்தவன் இங்கே வந்தேவிடுகிறான். வந்தும் உபயோகமில்லை. பீட்டர் அழுகிறான், ஆனால் அந்த அழுகை எத்தனை நேரத்துக்கு? ஹூக்கையும் டிங்கர் பெல்லையுமே மறந்துபோனவன் அவன். ஞாபகம் வைத்துக்கொள்வது வளர்ந்தவளின் பாடு. சற்றைக்கெல்லாம் ஜேன் விழித்துக்கொள்கிறாள், அவனோடு பறந்துபோகிறாள். வெண்டி ஜன்னலருகே நின்று, அவர்கள் புள்ளியாகிறவரை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.