இன்சுலின் எதிர்ப்பும் குருதியோட்டமும்: ஒரு வரலாறு

நீரிழிவு என்றால் உடலில் இன்சுலின் போதவில்லை என்று பொருள். வகுப்பறையில் பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆய்வுலகில் அந்தக் கருத்து 1936-லேயே ஆட்டம் கண்டிருந்தது என்பதைப் பணி ஓய்வுக்குப் பிறகே அறிந்தேன்.

1921-ல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். அதைச் செலுத்தியதும் சர்க்கரை இறங்கியதால், இன்சுலின் குறைபாடே நோய்க்குக் காரணம் என்ற எண்ணம் வலுப்பட்டது. லண்டன் மருத்துவர் ஹெரால்டு ஹிம்ஸ்வொர்த் இதைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளுக்குக் குளுக்கோஸையும் இன்சுலினையும் ஒரே நேரத்தில் கொடுத்தார். சிலருக்குச் சர்க்கரை ஏறவில்லை. வேறு சிலருக்கோ இன்சுலினே கொடுக்காதது போல ஏறியது. நீரிழிவில் இரு வகை உண்டு, ஒரு வகையினரின் உடல் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதில்லை என்று 1936-ல் 'லான்செட்' இதழில் எழுதினார். அன்று அது பெரிதாக எடுபடவில்லை. குருதியிலுள்ள இன்சுலினை அளக்க வழியே இல்லாத காலம் அது.

அந்த வழியை நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கண்டனர். 1960-ல் அவர்கள் வெளியிட்ட அளவீடுகளின்படி, நடுவயதில் நீரிழிவு வந்த பலரிடம் இன்சுலின் குறைவாக இல்லை. யாலோவுக்கு 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் 1972-லேயே இறந்துவிட்டதால் அவருக்கு அதில் பங்கில்லை.

எதிர்ப்பின் அளவைத் துல்லியமாகக் காட்டும் 'கிளாம்ப்' முறையை 1979-ல் டிஃப்ரான்சோ குழுவினர் விளக்கினர். தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் மாறாமல் இருக்க எவ்வளவு ஊற்றுகிறோமோ, அவ்வளவு வெளியேறுகிறது. இன்சுலினைச் சீராகச் செலுத்தி, சர்க்கரை மட்டம் மாறாதிருக்க எவ்வளவு குளுக்கோஸ் தேவைப்படுகிறது என்று பார்ப்பார்கள். குறைவாகத் தேவைப்பட்டால் எதிர்ப்பு அதிகம்.

குருதியோட்டத்தின் கதை இதைவிடப் பழையது. 1840-களில் பிரெஞ்சு மருத்துவர் புவாசெய் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீர்மங்கள் ஓடுவதை அளந்தார். பாகுநிலை இரட்டிப்பானால் ஓட்டம் பாதியாகும். குழாயின் ஆரம் பாதியானாலோ பதினாறில் ஒரு பங்காகிவிடும். குருதி நீரைப் போன்றதல்ல. சுமார் 0.3 மில்லிமீட்டருக்கும் குறுகிய குழாய்களில் அதன் பாகுநிலை குறைவதுபோல் தோன்றுவதை ஸ்வீடனின் ஃபோரியஸும் லிண்ட்க்விஸ்டும் 1931-ல் காட்டினர்.

இரண்டு கதைகளும் 1990-களில் சந்தித்தன. குளுக்கோஸைப் பெருமளவில் எரிப்பது தசை. அங்கே குருதி போதிய அளவு சென்றால்தானே இன்சுலினும் குளுக்கோஸும் சேரும்? இந்தக் கோணத்தை 1991-ல் மிச்சிகன் பேராசிரியர் ஸ்டீவோ ஜூலியஸ் முன்வைத்தார். 1994-ல் நார்வேயின் ஆஸ்லோ ஆய்வாளர்கள் நலமான இளைஞர்களிடம் கிளாம்ப் முறையையும் குருதியின் பாகுநிலையையும் ஒப்பிட்டனர். குருதி கெட்டியாக இருந்தவர்களிடம் இன்சுலின் உணர்திறன் குறைவாகவே காணப்பட்டது.

நோயாளிகளிடம் இதைக் கண்டிருந்தால் வியப்பில்லை. நோயோ மருந்தோ காரணம் என்று விட்டுவிடலாம். எந்த நோயுமற்ற இளைஞர்களிடம் கண்டதே இதன் சிறப்பு. ஆனால் கெட்டியான குருதி எதிர்ப்பை உண்டாக்கியதா, எதிர்ப்பு குருதியைக் கெட்டியாக்கியதா, இரண்டுக்கும் வேறொரு பொதுக் காரணம் இருக்கிறதா என்பதை இத்தகைய ஒரே நேர அளவீடு சொல்லாது.