நடக்கும் வௌவால்

வௌவால் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் தலைகீழாகத் தொங்கத்தான் வேண்டும் என்பது நம் ஊர்ச் சொலவடை. நியூசிலாந்தின் குட்டைவால் வௌவால் வீட்டுக்குப் போகிறவர் தரையில் தவழவும் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் மனிதர்கள் இங்கே கரையிறங்கியபோது, நிலத்தில் வாழும் பாலூட்டிகள் என்று இந்நாட்டில் இருந்தவை வௌவால்கள் மட்டுமே. மாவோரி மக்கள் அவற்றைப் பெக்கபெக்க என்றார்கள். மூன்று இனங்கள் இருந்தன. லின்ஃபீல்டின் கரையிலிருந்து மனுக்காவ் துறைமுகத்துக்கு அப்பால் தெரியும் வைட்டாக்கரே மலைக்காட்டில் நீண்டவால் வௌவால் இன்றும் பறக்கிறது. மற்ற இரண்டும் குட்டைவால் இனங்கள்.

குட்டைவால் வௌவாலுக்கு 1843இல் அறிவியல் பெயர் சூட்டியவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜான் எட்வர்ட் கிரே. எடை சுமார் 12 முதல் 15 கிராம். வியப்பு அதன் உடலமைப்பில் இருக்கிறது. சிறகைச் சுருட்டி, உடலோரத்தில் உள்ள தடித்த தோலுறைக்குள் செருகிக்கொள்ளும். பிறகு மடித்த முன்கைகளைக் கால்களாக்கி, சருகுகளுக்கு இடையே எலிபோல ஓடிப் பூச்சி தேடும். நகங்களின் அடியில் கூடுதலாக ஒரு முள் உண்டு. ஏறவும் தோண்டவும் அது உதவுகிறது.

வௌவால் ஏன் நடக்கக் கற்றது? நெடுங்காலம் சொல்லப்பட்ட விடை எளிமையானது. இங்கே கீரியும் இல்லை, பூனையும் இல்லை, எலியும் இல்லை; அச்சமற்ற தீவு வௌவாலைத் தரைக்கு இறக்கியது. பறக்க மறந்த காக்காப்போ கிளியின் கதையோடு இது அழகாகப் பொருந்தியதால் யாரும் அதிகம் சந்தேகிக்கவில்லை.

2009இல் சூசன் ஹேண்ட் தலைமையிலான ஆய்வாளர்கள் இந்த விடையைப் புரட்டினார்கள். ஆஸ்திரேலியாவின் ரிவர்ஸ்லீ புதைபடிவக் களத்தில், இதே குடும்பத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் பழமையான வௌவாலின் எலும்புகள் கிடைத்திருந்தன. நடப்பதற்கு வேண்டிய தசைகள் பற்றும் இடங்கள் அதன் முழங்கை எலும்பிலேயே இருந்தன. அந்த வௌவால் வாழ்ந்த காட்டில் தரையெங்கும் வேட்டையாடும் விலங்குகள். ஆக, நடை இந்தத் தீவு கொடுத்த வரம் அல்ல; கடல் கடந்து வந்த குடும்பம் கூடவே கொண்டுவந்த சொத்து. ஆஸ்திரேலியாவில் அந்தக் குடும்பம் பின்னர் அற்றுப்போனது. இங்கே மட்டும் நீடித்தது.

புலம்பெயர்ந்தவர்களிடம் இருப்பதையெல்லாம் புதிய நாடு தந்ததாகச் சொல்லும் பழக்கம் நமக்கும் உண்டு. அதனால்தான் ஒரு முழங்கை எலும்பு என்னை இவ்வளவு நேரம் பிடித்து வைத்தது.

ஆனால் தீவு தந்த பாதுகாப்பு நிலைக்கவில்லை. ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் வந்த பொலினீசியர்களின் படகுகளில் கியோரே எலி வந்தது. ஐரோப்பியர் கப்பல்களில் பெரிய எலிகளும் பூனைகளும் வந்தன. 1960களின் தொடக்கத்தில் ஸ்டூவர்ட் தீவுக்கு அருகே உள்ள டாவ்கிஹெப்பாவில் கப்பல் எலிகள் பெருகின. 1964இல் வனவிலங்குத் துறையினர் சேடில்பேக் பறவைகளைப் பிடித்து வேறு தீவுகளுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். பெரிய குட்டைவால் வௌவாலுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதை உறுதியாகக் கண்டது கடைசியாக 1967இல்.

சிறிய இனம் பிழைத்திருக்கிறது. ஆக்லாந்துக்கு வடக்கே, ஹவுராக்கி வளைகுடாவில் உள்ள ஹவுடுரு தீவு அதன் புகலிடங்களில் ஒன்று. அங்கே 1980இல் பூனைகளை ஒழித்தார்கள்; 2004இல் எலிகளை. அந்தக் காட்டில், மரவேர்களை ஒட்டி வாழும் டாக்டிலாந்தஸ் என்ற இலையற்ற ஒட்டுண்ணிச் செடி தரையோடு தரையாகப் பூக்கிறது. மாவோரி மொழியில் அதன் பெயருக்குப் பாதாள உலகின் பூ என்று பொருள். இரவில் அந்தப் பூவின் தேனைக் குடிக்க வௌவால் தவழ்ந்து வருகிறது. முகத்து மயிரில் மகரந்தம் ஒட்டிக்கொள்ள, அடுத்த பூவுக்குப் போகிறது.